தீவனத் தொட்டிக்கு அடியில்

மகார், பிப்ரவரி 12
பேரரசர் டியோக்ளீசியன் ஆட்சியின் இருபத்தோராம் ஆண்டு

சனாமேயின் கணவன் வித்தாலிசுக்கு மிக்கின் எழுதுவது.

இரண்டு வருடம் முன்பு, நம் வேதங்களை எரிக்கச் சொல்லிப் பேரரசரின் ஆணை வந்தபோது, சபையின் வேதப் புத்தகத்தை நீ உன் கையாலேயே வீரர்களுக்கு எடுத்துக் கொடுத்தாய். சபையில் வாசிப்பவன் என்று நம்பி அதை உன் வீட்டில் வைத்திருந்தோம். உன்னை அடிக்கவில்லை, கட்டவில்லை. கேட்டார்கள், கொடுத்தாய். சந்தையில் வைத்து எரித்தார்கள். அதை நான் நின்று பார்த்தேன்.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. முப்பத்தேழு வயதில், நீ ஞாயிறன்று வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நானாகவே கற்றேன். என் விரல் பட்டு ஓரம் கறுத்த புத்தகம் அது. கூட்டம் கலைந்த பின் அந்தச் சாம்பலில் ஒரு பிடி அள்ளி வந்தேன். தலைமாட்டில் குப்பியில் இருக்கிறது. தினமும் அதன் முன் முழந்தாளிடுகிறேன்.

ஞாயிறு வழிபாட்டில் ஆசீர்வதித்த அப்பத்தை, வராதவர்கள் வீட்டுக்குத் திருத்தொண்டர் எடுத்துச் செல்வது வழக்கம். உன் வாசலைத் தாண்டிப் போகச் சொன்னவன் நான்தான். அதனால் நீங்கள் ஊரை விட்டுத் தெவெஸ்தேக்குப் போனதும் எனக்குத் தெரியும். வருத்தமில்லை.

அக்டோபரில் சபையை விசாரிக்க ஆயர் வருகிறார். புத்தகத்தைக் கொடுத்தவன் என்று உன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். சாட்சி நான். தீர்ப்பானால், மரணப் படுக்கை வரை நீ சபையின் கதவுக்கு வெளியே. உன்னோடு நிற்பதென்றால் என் தங்கையும் அங்கேதான். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

இங்கே சுகமில்லை. பெரிய கோவேறு கழுதைக்குக் குளம்பு அழுகல். நான் எழுதி வைத்திருந்த கழுதை வைத்தியப் புத்தகமும் வேதம் எரிந்த அதே வாரத்தில் காணாமல் போயிற்று. பக்கத்து வீட்டுப் பாரிக்தான் எடுத்திருப்பான். அவனோடும் பேச்சில்லை.

மிக்கின்

தெவெஸ்தே, மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு, வித்தாலிஸ் வணக்கம்.

கடிதம் வந்தது. சனாமேக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "எங்கண்ணன் திட்டுறதக்கூட பிழையில்லாம எழுதிட்டாரே" என்றாள். பிறகு போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு முழங்கால் வலி இந்தக் குளிரில் அதிகம்.

சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. இப்போது எழுத முடியாது. இந்தக் கடிதம் உங்களிடம் வருவதற்குள் எத்தனை கை மாறும் என்று எனக்குத் தெரியாது. ஆயர் வரும்வரை பொறுங்கள். என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

குளம்புக்குக் காடியும் சாம்பலும் குழைத்துப் போடுங்கள். மேலே மரத் தார் தடவலாம்.

உங்கள் மாப்பிள்ளை
வித்தாலிஸ்

மகார், ஏப்ரல் 9

வித்தாலிசுக்கு.

கேட்டதற்குப் பதில் இல்லை, கழுதைக்கு மருந்து எழுதுகிறாய். அந்த மருந்து எனக்குத் தெரியும். அதை முதலில் எழுதி வைத்தவனே நான்தான். உனக்கு எப்படித் தெரிந்தது?

பாஸ்கா திருநாளுக்கு வாசிக்கப் புத்தகம் இல்லை. நினைவில் இருந்ததைச் சொல்லுங்கள் என்று என்னை நிறுத்தினார்கள். பாதியில் நின்றுவிட்டேன். முன்வரிசைக் கிழவி ஒருத்தி, "வித்தாலிஸ் இருந்தா இப்படி முழிக்க மாட்டான்" என்றாள். எல்லோர் காதிலும் விழுந்தது.

அக்டோபர் வரை பொறுப்பேன். ஒரு நாளும் கூடுதலாக இல்லை.

மிக்கின்

தெவெஸ்தே, ஜூலை 28
புதிய பேரரசர்களின் முதல் ஆண்டு

அன்புள்ள மச்சானுக்கு.

டியோக்ளீசியன் பதவி இறங்கிவிட்டார். இங்கே சிறையில் இருந்த நம் ஆட்களைப் போன வாரம் விட்டுவிட்டார்கள். தேடுவதும் நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் கொடுத்தது வேதப் புத்தகம் இல்லை. உங்கள் கழுதை வைத்தியம்.

வீரர்கள் வருவதற்கு முந்தின நாள் சனாமே உங்கள் தொழுவத்துக்கு வந்தாள். "அண்ணே, தொட்டி ஒரு பக்கமா சாயுது, மண்ணப் போட்டு நிமித்தி விடுறேன்" என்றாளாம். நினைவிருக்கிறதா? எண்ணெய்த் துணியில் சுற்றிய வேதப் புத்தகத்தை முதல் தீவனத் தொட்டிக்கு அடியில் புதைத்தாள். போகும்போது மாடத்தில் இருந்த உங்கள் புத்தகத்தை முந்தானையில் மறைத்து எடுத்து வந்தாள்.

மறுநாள் வீரர்களோடு வந்த எழுத்தர் கேட்டார், "இது உங்க சாமி புத்தகந்தானே?" நான் பொய் சொல்லவில்லை. "பிரிச்சுப் பாருங்க" என்றேன். நீங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் 'ஆண்டவர் இயேசுவின் பெயரால்' என்று தொடங்கியிருந்தீர்கள். வயிற்றுப்போக்குக்கும் அதுவே, சொறிக்கும் அதுவே. அவர் முதல் வரியை மட்டும் நாலு பக்கத்தில் பார்த்தார். மூடிவிட்டார். அவள் எடுத்து வந்த அன்று இரவு நானும் அதில் சில பக்கம் வாசித்தேன். குளம்பு மருந்து அப்படித்தான் தெரியும்.

உங்களிடம் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். உங்கள் வீட்டிலும் கேட்டார்களே, "வேற புத்தகம் இருக்கா?" என்று. நீங்கள் "இல்லடா" என்று கத்திய சத்தம் தெருமுனை வரை கேட்டது. யாரும் சந்தேகப்படவில்லை. தெரிந்திருந்தால் உங்களால் அப்படிக் கத்த முடியுமா? முகமே காட்டிக் கொடுத்திருக்கும்.

கோபம் இல்லை. அப்பம் எங்கள் வாசலைத் தாண்டிப் போன நாட்களில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

வித்தாலிஸ்

மகார், ஆகஸ்ட் 17

மாப்பிள்ளைக்கு மச்சான் மிக்கின் எழுதுவது.

என் புத்தகத்தைக் கேட்காமல் எடுத்தீர்கள். அது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் வாசித்ததும் கடப்பாரையோடு தொழுவத்துக்குப் போனேன். பெரியவள், அந்தக் கோவேறு கழுதை, தொட்டியை விட்டு நகரவில்லை, ஒரு உதையும் விட்டாள். சத்தம் கேட்டுப் பாரிக் சுவரேறிப் பார்த்தான். "என்ன மிக்கின், கழுதைக்குக் குழி வெட்டுறியா?" இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. "வந்து பிடிடா" என்றேன். வந்தான். முழங்கை ஆழத்தில் துணி தட்டுப்பட்டது.

ஒரு பக்கமும் நனையவில்லை. ஓரம் கறுத்த இடம் அப்படியே இருக்கிறது. அங்கேயே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழுததாகப் பாரிக் ஊரில் சொல்கிறான். தூசி.

இரண்டு வருடமாக நான் முழந்தாளிட்டது சொறி மருந்தின் சாம்பலுக்கு. ஆண்டவரின் பெயரும் அதில் எரிந்திருக்கிறது, அதனால் வீண் போகவில்லை என்று திருத்தொண்டர் ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அதைக் காடியில் குழைத்துப் பெரியவளின் குளம்பில் போட்டேன். ஆறி வருகிறது.

இனி ஆக வேண்டியவை. ஆயருக்கு நான் எழுதியதை நானே போய்த் திரும்ப வாங்குவேன். நாளைக்கே கிளம்புகிறேன். போகும் வழியில் நிற்கும் ஒவ்வொரு சபையிலும் நடந்ததை நானே சொல்வேன். என் வாயால் கெட்ட பெயர், என் வாயாலேயே போக வேண்டும். திருடன் என்று சொன்னதற்குப் பாரிக்கிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவன் இரண்டு கழுதைகளோடு உங்கள் சாமான்களை ஏற்றத் தெவெஸ்தேக்கு வருவான். சனாமே நடக்கக் கூடாது, கழுதை மேல் உட்கார்ந்து வர வேண்டும். முதல் ஞாயிறு அப்பத்தைத் திருத்தொண்டர் இல்லை, நான் உன் வாசலுக்குக் கொண்டு வருவேன். நீ கதவைத் திறக்க வேண்டும். அன்று வாசிப்பவன் நீ, புத்தகத்தைப் பிடித்து நிற்பவன் நான்.

அதன் பிறகு கழுதை வைத்தியத்தை நான் சொல்லச் சொல்ல நீ எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் ஆண்டவரின் பெயரோடுதான் தொடங்க வேண்டும். மறுபடி தேவைப்படலாம்.

மிக்கின்