வழியனுப்பப் போன இடுப்பு

அன்புள்ள மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதவே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது, எவனாவது பிரித்துப் படித்துவிட்டு இந்த அம்மாவுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டுவிட்டால்? அதனால் அப்பா நலம், நான் நலமில்லை, உன் நலத்துக்கு உடனே பதில் போடு. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாமே. இந்தக் கதையை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பெட்டியைக் கட்டு.

ஊனமுற்றோருக்கான உதவி கேட்டு மனு போட்டோம் அல்லவா, முதலில் நாம் விட்டுவந்த நாட்டில் டாக்டர் கொடுத்த காகிதம் இங்கே செல்லாது என்றார்கள். அங்கே விழுந்து உடைத்துக்கொண்ட இடுப்பை இங்கே வந்து இன்னொரு தரம் உடைத்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. சரியென்று புதிதாகப் படம் எடுத்துக் கொடுத்தோம். பிறகு வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்றார்கள், அங்கேதான் உன் அம்மா தன் புத்தியைக் காட்டினாள். வருகிறவள் சர்க்கார் அதிகாரி, நம் வீட்டைப் பார்த்து முகம் சுளித்துவிட்டால் என்ன ஆவது? அப்பாவை விரட்டி விரட்டி ஜன்னல் கண்ணாடி வரைக்கும் துடைக்க வைத்தேன். வலி மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிவிட்டுப் பவுடர் பூசிக்கொண்டு நின்றேன். வேண்டாம் வேண்டாம் என்றவளை உட்காரவைத்து நானே டீ போட்டு பிஸ்கட்டும் வைத்தேன். அதோடு விட்டேனா, வந்தவளைக் கதவோடு அனுப்பினால் மரியாதையாக இருக்குமா என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவரைக்கும் போய்ப் பல்லைக் காட்டி டாட்டா சொல்லிவிட்டு வந்தேன். எங்கே வந்தேன், அப்பாதான் மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து போட்டார், வாரம் முழுக்கப் படுத்த படுக்கை. அந்தப் பாவி பிஸ்கட்டையும் தின்றுவிட்டு, உற்சாகமாக நடக்கிறார், படி இறங்குகிறார், உதவி தேவையில்லை என்று எழுதிவிட்டாள். தூ! யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளுமாம், அப்பா சொன்னார். என் புத்தியைச் சொன்னாரா உடம்பைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மேல்முறையீடு செய்தோம். உடனே கீழ்வீட்டு வானொலி வந்துவிட்டாள் (நான் வைத்த பெயர்தான், அவள் எனக்கு என்ன வைத்திருக்கிறாளோ). தலை வாராதே, குளிக்காதே, எதைக் கேட்டாலும் ஐயோ அம்மான்னு முனகு, எங்க மச்சான் அப்படித்தானே வாங்குனாரு என்று பாடம் எடுத்தாள். அந்த மச்சான் மைதானத்தில் பந்து உதைப்பதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே ஒடிந்த இடுப்பை ஒடிந்த மாதிரி நடிக்கப் பழக வேண்டுமாம். நன்றாகக் குளித்து, தலை வாரிக்கொண்டுதான் விசாரணைக்குப் போனேன்.

போனால் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா, அப்பாவுக்கு முடிவெட்டுகிறாரே, அந்தக் கடைக்காரர்! நம் ஆட்கள் வீட்டு வம்பெல்லாம் அவர் கடையில்தான் கூட்டிப் பெருக்கப்படும், அதில் பாதி நான் அனுப்பிய சரக்கு. தனியாகக் கழிப்பறைக்குப் போவீர்களா, யார் உட்காரவைப்பது, யார் கழுவிவிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், நானும் சொன்னேன். அவருக்கே காது சிவந்துவிட்டது. அக்கா, இதையுமா சொல்லணும் என்று மெதுவாகக் கேட்டார். சொல்லுங்க தம்பி, வெக்கப்பட்டா ஒண்ணும் நடக்காது என்றேன். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, கணவர் வேலைக்குப் போன பிறகு என்ன செய்வீர்கள் என்றாள் நடுவில் இருந்தவள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரு கிளம்பினா, திரும்பி வர்ற வரைக்கும் நான் சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்லைங்க என்றேன். கடைக்காரர் அதை அவர்கள் மொழியில் சொல்வதற்குள் அப்பா என் பக்கம் திரும்பிவிட்டார். மூன்று பேரும் அப்போதுதான் பேனாவை எடுத்தார்கள். இத்தனை நாள் வலித்ததற்கு இல்லாத மதிப்பு அந்த அசிங்கத்துக்குக் கிடைத்தது. கொடுக்கிறோம் என்று அங்கேயே சொன்னார்கள். நன்றி சொன்னேன், வாயெல்லாம் கசந்தது. பிச்சைக்காரன்கூடக் கையைத்தான் நீட்டுகிறான், உள்பாவாடையை அவிழ்த்துக் காட்டுவதில்லை.

பஸ் நிறுத்தத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு அப்பா எங்கேயோ போனார். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார், மூடியைத் திருகி என் வாயருகே பிடித்தார். வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேனே, வழியில வந்துட்டா என்ன பண்றது என்றேன். வரட்டும், நான் இருக்கேன்ல, முழுசும் குடி என்றார். குடித்தேன்.

பகலில் என்னோடு இருக்க அடுத்த வாரத்திலிருந்து ஓர் அம்மாள் வருகிறாள். ஆகையால் நீ பெட்டியைப் பிரித்து வை. பரீட்சையை எழுதி முடி, என்னைப் பார்த்துக்கொள்ள வராதே, பார்க்க வா. கண்ட நேரத்தில் சாப்பிடாதே, சட்டையை உதறிப் போடு. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நன்றாக இரு. இந்தச் சேதி கடைக்காரர் வாயிலிருந்து உன் காதுக்கு வந்தால் எனக்குத் தெரியப்படுத்து, இதுவரை அந்த மனுஷன் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

இப்படிக்கு,
மானம் போனாலும் வாய் போகாத
உன் அம்மா