வெளிமைதானத்தில் வாசித்த பெயர்

ஓஸ்டர்ஃபேன்,
ஏப்ரல், செவ்வாய்

அன்புள்ள ஓன்னோ,

வால்பரைசோவில் குளிர் தொடங்கும் முன் இது உன் கைக்கு வந்து, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். அப்பாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய்.

உன் தம்பி தம்மே இறந்துபோன நவம்பருக்குப் பிறகு நம் கால்பந்து கிளப் எப்படி ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பையன்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். பயிற்சிக்குப் போகும் வழியில்தான் அவன் கார் கால்வாயில் இறங்கியது என்பதால் அந்தச் சாலையில் வரவே பிடிக்கவில்லை என்று ஒருவன் என்னிடமே சொன்னான். மாவட்டத்தின் கடைசிப் பிரிவு நம்முடையது, அதற்குக் கீழே விழ இடமில்லை என்று நீங்கள் இருவரும் சிரிப்பீர்களே, இருக்கிறது ஓன்னோ. பிப்ரவரியில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை, ஆள் சேராமல் நம் அணி ஆட்டத்துக்குப் போகவில்லை. மூன்றாவது முறையும் போகாவிட்டால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள், அந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ஆடப்படாதவை ஆகிவிடும் என்பது உனக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் தம்மே போட்ட நான்கு கோல்களும் அதில் போய்விடும். கடைசிக் கோல் காதில் பட்டுத்தானே உள்ளே போயிற்று, ஒரு வாரம் அந்தக் காதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அதை யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து நடக்கவில்லை என்று ஆக்கிவிடுவார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. கடைசி மூன்று ஆட்டங்கள் மட்டும் மீதமிருக்கும்போது அணி விலகினால் ஆடியது ஆடியதாகவே நிற்கும் என்று கிளப் தலைவர் ஹப்போ சொன்னார். ஆக போன ஞாயிறு ஹோலர்புரோக் அணியின் ஊருக்குப் போய் ஆடிவிட்டால் போதும், பிறகு அந்த மூன்றுதான் மீதம். ஆட்டம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆறு பேர்தான் இருந்தார்கள்.

கிளப்பின் தலைவராக இருந்துகொண்டு ஹப்போ அன்று காலை நம் சமையலறையில் வந்து அப்பாவிடம் கெஞ்சினார். ரெம்மர், உன்ன ஓடச் சொல்லலடா, சும்மா நின்னாப் போதும், உன் பேரு இன்னும் ஆட்டக்காரர் பதிவுலதான் இருக்கு என்றார். அப்பா தேநீரிலிருந்து தலையைத் தூக்காமல், மரக்கட்டைதான் வேணும்னா தோட்டத்துல கெடக்கு, எடுத்துட்டுப் போ என்றார். நவம்பருக்குப் பிறகு அவர் மைதானத்தின் வேலிப்பக்கம்கூடப் போனதில்லை. நான் மட்டும் ஹப்போவோடு கிளம்பினேன், எதற்கென்று தெரியாமலே. ஹோலர்புரோக்கில் மூடுபனி, வறுத்த சாசேஜ் வாசனை. அங்கே வேலியோரம் நின்ற ஒருவர், நீங்க ஏழு பேரத் தேத்தறதுக்குள்ள எங்க பியரே சூடாயிடும் போலிருக்கே என்றார். நம் கோல்கீப்பர் வியார்ட், கவலப்படாதீங்கண்ணே, கோல் வாங்குறதுல நாங்க ரொம்பச் சுறுசுறுப்பு என்றான். நடுவர் காத்திருக்கும் நேரம் முடியப்போகும்போது நம் பழைய கார் வந்து நின்றது. அப்பா பூட்ஸைக் கையில் பிடித்தபடி இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. பையில் மிச்சமிருந்தது தம்மேயின் பதினொன்றாம் எண் சட்டைதான். அதை இழுத்து மாட்டிக்கொண்டார், வயிற்றில் பிடித்தது.

ஹப்போவுக்கு அந்தக் கையகலக் கணினியில் பெயர் போடுவது எப்போதும் தகராறு. போன இலையுதிர்காலத்து அணியை அப்படியே எடுத்து, வராதவர்களை நீக்கியிருக்கிறார். பதினொன்றில் ஸாட்ஹாஃப் என்று நம் குடும்பப் பெயரைப் பார்த்ததும் சரி என்று விட்டுவிட்டார். ஒலிபெருக்கியில் அந்த ஊர்ப் பெண் நம் பெயர்களை வாசித்தாள். எண் பதினொன்று, தம்மே ஸாட்ஹாஃப் என்றாள். பனிக்குள்ளே உன் அப்பா கையைத் தூக்கினார். அவர் திருத்தவில்லை ஓன்னோ. மைதானத்தில் இருக்கிறவன் தூக்குவதுபோலத் தூக்கிவிட்டு இடதுபக்கம் போய் நின்றார். நானும் உடனே திருத்தப் போகவில்லை. அவன் ஆடப்போகிறான் என்று எழுதியிருந்த அந்தச் சில நிமிடங்களை எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் தப்பான பெயரில் ஆடினால் நாம் வந்ததே செல்லாமல் போகலாம். அவன் போட்ட நான்கும் நிற்க வேண்டுமென்றால் அவன் பெயரை நான்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். நடுவரிடம் போய், இது அவனில்ல, அவன் அப்பா என்றேன். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நீங்க சொன்னப்புறம்தான் மாத்தணும்னு இருந்தேம்மா என்று சொல்லிவிட்டு என் கண்முன்னே அழித்தார்.

பதினான்கு கோல் வாங்கினோம். கடைசிவரை ஆடினோம், அதுதான் கணக்கு. அப்பா பத்து அடிகூட ஓடவில்லை, நின்று திரும்பியதிலேயே முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் இடதுபக்கம் பந்து கிடைத்தபோதெல்லாம் நம் பையன்கள் அவரைத் தாண்டி, தம்மே ஓடும் அந்த வெற்றிடத்துக்கே தட்டினார்கள். பழக்கம். பந்து தனியாக உருண்டு கோட்டைத் தாண்டியது, யாரும் யாரையும் திட்டவில்லை. வீட்டுக்கு நான் முதலில் வந்துவிட்டேன். தண்ணீர் கொதிக்கும்போது முற்றத்துக் கல்லில் பூட்ஸ் குமிழ்களின் சத்தம் கேட்டது, அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றாமல் வருவானே அதே சத்தம். நான் திரும்பவில்லை. திரும்பாதவரை அது யாராகவும் இருக்கலாம். பிறகு அப்பா, இன்சா, இந்த நாடாவ அவுத்து விடு, குனிய முடியல என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன்னைக் கிளப்பிலிருந்து நீக்கிவிடச் சொல்லி ஜனவரியில் நீ ஹப்போவுக்கு எழுதியது எனக்குத் தெரியும். அவர் மறந்துவிட்டதாகச் சொல்கிறார், பொய். நீ அங்கே பந்தைத் தொடுவதில்லை, திரும்பி வருவதும் நிச்சயமில்லை, அதற்கு நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு பெயரை இந்த வசந்தத்தில் என் வாயால் அழிக்கச் சொல்லிவிட்டேன். உன் பெயர் கிளப் பதிவிலேயே கிடக்கட்டும்.

மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு, கப்பலின் அடித்தளத்தில் வேலை செய்யும்போது காதடைப்பானை மறக்காதே. எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கிறது. அப்பா பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்துக் கதவோரம் காயவைத்திருக்கிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன்னை நினைத்தபடி,
அம்மா இன்சா