எங்கள் வீட்டுக்கு மட்டும் தனிச் சூரியன்

அக்டோபர் 6, திங்கள்

இன்று பேத்தி வாய்ப்பாடு சொல்ல உட்காரவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு ஹால் சுவருக்கு ஓடினாள். ஜன்னல் வெளிச்சம் சுவரில் எங்கே முடிகிறதோ, அந்த விளிம்பில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினாள்.

"என்னடி இது, சுவருக்குக் காயமா?"

"ஆர்ட் மிஸ் சொன்னாங்க பாட்டி. தினமும் நாலரைக்கு ஒட்டணும்."

நாலரை! அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அது என் நேரம்.

அக்டோபர் 9, வியாழன்

ஆர்ட் மிஸ், ஆர்ட் மிஸ். சாப்பிடும்போதும் அதே பேச்சு. மருமகளிடம் விசாரித்தேன். அந்த மிஸ் டீச்சர்கூட இல்லையாம், கண்காட்சி வைக்கிறவளாம். ஒரு தடவை பெரிய கூடம் முழுக்கப் பழைய குடைகளைத் தொங்கவிட்டாளாம், அதைப் பார்க்கக் கூட்டமாம். இந்த வருஷம் பிள்ளைகளோடு வேலை செய்யப் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

குடையைத் தொங்கவிட்டவள் என் பேத்திக்கு என்னத்தைக் கற்றுக்கொடுப்பாள்? நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் அந்த ஐந்தாவதில் கணக்கில் நான்தான் முதல். என் மகன் இன்று கணக்கில் புலி என்றால், பழக்கியது யார்?

அக்டோபர் 21, செவ்வாய்

மேகம். டேப் இல்லை. அப்பாடா என்று சிலேட்டை எடுத்து வைத்தேன். அவளோ மேகம் விலகுமா என்று ஜன்னலிலேயே நின்றாள். நான் பக்கத்தில் நின்றது தெரியவே இல்லை.

நவம்பர் 3, திங்கள்

பேத்தியை அழைத்து வரப் போனபோது குடைக்காரியைப் பார்த்தேன். அலட்டுவாள் என்று நினைத்திருந்தேன். சாதாரண ரப்பர் செருப்பு, விரலெல்லாம் காய்ந்த பசை. பேத்தி அவள் காதில் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வழியில் கேட்டேன்.

"என்னடி அப்படி ரகசியம்?"

"ஒண்ணுமில்ல பாட்டி."

ஒண்ணுமில்லையாம். போன வருஷம்வரை இவள் ரகசியமெல்லாம் என் காதுக்குத்தான் வரும். வயிறு எரிகிறது. ஆமாம், எழுதியே விடுகிறேன். பொறாமைதான். இந்த வயதில், எனக்கு.

நவம்பர் 16, ஞாயிறு

எல்லோரும் மருமகளின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் அகலம், ஓர் இடத்தில் நெருக்கம், நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி. இதை இப்படியே தாளில் படி எடுத்துப் பள்ளிக் கண்காட்சியில் வேறு தொங்கவிடப் போகிறார்களாம். யாருக்குத் தலைகுனிவு? என் பேத்திக்குத்தானே?

அத்தனையையும் உரித்தேன். ஸ்கேல் வைத்துப் புள்ளியிட்டு, ஒரே அளவில் ஒட்டினேன். இப்போது பார்க்கக் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கிறது. குடைக்காரிக்கு வருமா இந்த நேர்த்தி?

அதே நாள், சாயங்காலம்

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாட்டி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"அழகா ஒட்டியிருக்கேன்டி."

"மேகம் வந்த நாளெல்லாம் காணோம் பாட்டி!" என்று ஓவென்று அழுதாள். சூரியன் வராத நாளுக்கு விட்ட இடமாம் அது. எனக்கு எப்படித் தெரியும்?

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான் மகன்.

தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்ல வாய் வரல. நல்லதுக்குன்னுதான் பண்ணேன் — அது மட்டுமா? அந்தக் குடைக்காரி பாடம் என் கண்ணு முன்னாடி சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்குதே, அதுவும்தான்.

நவம்பர் 29, சனி

கண்காட்சிக்கு நானும் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

ஒவ்வொரு வீட்டுச் சுவரும் ஒரு நீளத் தாளாகக் கூடம் முழுக்கத் தொங்கியது. நடுவே புகுந்து நடக்க வேண்டும். வீடு வேறு, ஜன்னல் வேறு. ஆனால் எல்லாத் தாளிலும் கோடுகள் அகலமாகத் தொடங்கிப் போகப் போக நெருங்கின. எல்லாவற்றிலும் அதே நாட்களில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. எங்கள் தாள் மட்டும் ஏணி மாதிரி நின்றது. "அப்படியே கொண்டு வா" என்று சொல்லியிருந்தாளாம் குடைக்காரி.

ஒரு இரட்டைச் சடைக்காரி கேட்டாள்: "உங்க வீட்டுக்கு மட்டும் தனிச் சூரியனா? ஸ்கேல் வச்சு நகருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பேத்தி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எங்க வீட்டுல அப்படித்தான்" என்றாள், முகம் சிவந்துபோய்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "நான்தான்மா மாத்தி ஒட்டினேன்" என்றேன், குடைக்காரியிடம்.

திட்டுவாள் என்று பார்த்தேன். "கை எவ்வளவு நேரா நிக்குது பாட்டி உங்களுக்கு!" என்றாள். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "இந்தச் சுவர்ல எந்தெந்த நாளைக் காணோம்? மத்த தாளைப் பாத்துக் கண்டுபிடிங்க" என்றாள்.

அவ்வளவுதான். தாளுக்குத் தாள் ஓடினார்கள், எண்ணினார்கள், "இல்லடா, அது வியாழக்கிழமை" என்று சண்டை போட்டார்கள். சூரியன் ஏன் வரவர மெதுவாகிறது என்று ஒருத்தி கேட்க, பத்துப் பேர் பதில் சொன்னார்கள். கணக்குக்காகப் பிள்ளைகள் இப்படி அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் வாய்ப்பாடு சொல்லும்போது என் பேத்தி கொட்டாவி விடுவாள்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாளே இந்தப் பெண்!

டிசம்பர் 1, திங்கள்

பேத்தி இன்னும் சரியாகப் பேசவில்லை. தண்ணீர் கேட்டேன், வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 5, வெள்ளி

ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய பிறகு யாரிடமும் பாடத்தில் சந்தேகம் கேட்டதில்லை. கேட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு எண்ணம். இன்று கேட்டேன்.

"ஏன்டி, அந்தக் கோடெல்லாம் ஏன் போகப் போக நெருங்குது?"

"நிஜமாத்தான் கேக்குறியா?"

"நிஜமாத்தான்டி."

டார்ச்சை என் கையில் கொடுத்து, "நீதான் சூரியன். ஆடாம நில்லு" என்றாள். பூமி என்று ஒரு பந்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாள். முழங்கால் வலித்தது, அசையவில்லை. "ஊஞ்சல் திரும்பி வர்றதுக்கு முன்னாடி மெதுவாகும்ல பாட்டி? வெளிச்சமும் வந்த வழியே திரும்பப் போகுது. அதான்." எவ்வளவு அழகாகச் சொல்கிறாள்! அவசரமில்லை, அதட்டல் இல்லை. நான் ஒருநாளும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரிடம் கற்றாள் என்று தெரியும். எழுத மனமில்லை.

"புரிஞ்சுதா பாட்டி?"

நன்றாகவே புரிந்துவிட்டது.

"இல்லடி. நாளைக்கு இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.