எதிர்வீட்டுக் குழைஞ்ச சோறு

அந்தக் குழைஞ்ச சோத்தைப் பத்தி நீங்க கடுதாசியில எழுதினதே மனசுல நிக்குதுங்க. திருச்செந்தூரான் புண்ணியத்துல சுகந்தானே? நான் சமைக்கிற அடையாறு வீட்டம்மா நேத்து பாம்புப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பாம்பு எலியை முழுசா முழுங்கிச்சு.

"கீழ்த்தாடை ரெண்டா விலகும் ஆச்சி, பல்லு பிடிக்க மட்டுந்தான், மெல்ல இல்லை"ன்னு வீட்டம்மா சொன்னாங்க.

உடனே உங்க நெனப்புதான். பல் செட்டு கட்டியிருக்கிற மனுஷனுக்கு எதிர்வீட்டு முத்துலட்சுமி எதுக்கு தினமும் சோத்தைக் குழைச்சுத் தர்றா? "அண்ணாச்சி பாவம்"னு உருகுறாளாக்கும்! தாலி கட்டின நாள்லேருந்து என் கைச் சோறு தின்ன வாய்க்கு அவ சோறு இனிக்குதோ?

கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்க. இங்க தனியாத் தின்னா எதுவும் இறங்கலை. கடுதாசியைத் தபால்ல போட பால்காரர் நிக்கிறார்.

ஐயோ முருகா, இப்பத்தான் ஞாபகம் வருது! நான் ஊர்லேருந்து கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி, எலி இழுக்கக் கூடாதுன்னு உங்க பல் செட்டை விபூதி டப்பாவுல வச்சேன். அந்த டப்பா என் பெட்டியோட இங்க வந்துடுச்சுங்க.