என் எலும்புக்கு இரண்டு ஊர்

செப்டம்பர் 14

மூன்று நாளாகக் காய்ச்சல். ஆற்றின் இரு கரைக்கும் செய்தி போய்விட்டது. காலையில் அக்கரை மடாதிபதி பிளாசிதுஸ் தேனோடு படகில் வந்தார். மதியம் இக்கரைப் பிரபு, ஆடோவின் என்பவர், கோழிச்சாற்றோடு வந்தார். பதினைந்து வருடம் இந்த நடுத்திட்டில் தனியாகக் கிடந்தேன், ஒரு நாய் எட்டிப் பார்த்ததில்லை. போன மழைக்கு வெள்ளம் என் வாசலோடு நின்றுவிட்டது. குடிசை மேட்டில் இருக்கிறது, நிற்காமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து நான் புனிதர் சலோனியுஸ்.

செப்டம்பர் 16

பிரபு ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருடம்தான். பிராங்கிய இனத்து முரட்டு மனுஷன், மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார்.

"சாமி, எப்ப போவீங்க?"

"எங்கே?"

"மோட்சத்துக்குத்தான். கோயில் கட்டிட்டேன், உள்ள வைக்க ஒரு புனிதர் எலும்புகூட இல்ல. அக்கரைக்காரங்க சிரிக்கிறாங்க."

பிறகு என்னைக் கயிற்றால் அளந்தார். கல்பெட்டிக்காம்.

மாலையில் மடாதிபதி என் கையைத் தடவிக்கொண்டே, "அந்தக் காட்டுமிராண்டிகிட்ட போயிடாதீங்க சாமி. நாங்க பட்டுல சுத்தி வைப்போம்" என்றார். நல்ல மனுஷன்.

செப்டம்பர் 19

காய்ச்சல் விட்டது. இரண்டு தரப்பிலும் துக்கம்.

செப்டம்பர் 22

படகுத்துறைக்கு நடந்தேன். பிரபுவின் ஆள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "அக்கரைக்குப் போய்ச் செத்துட்டீங்கன்னா?"

திரும்பி வந்து படுத்தேன். சுவருக்குப் பின்னால் பிரபுவின் குரல்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் வாளை எடு."

"ரத்தம் வருமேங்க?"

"வந்தா நல்லது. வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சின்னு சொல்லிக்கலாம்."

"பாவம் இல்லீங்களா?"

"நமக்காக அவரே வேண்டிக்குவாருடா. மேல போனா அவருக்கு வேற என்ன வேல?"

செப்டம்பர் 23

எனக்குச் சாக இஷ்டமில்லை. எழுதிவிட்டேன். புனிதரா நான்? அய்யோ, போங்கடா!

செப்டம்பர் 24

காலையில் ஆசீர்வாதம் கேட்டு ஒரு பிச்சைக்காரன் வந்தான். என் வயது, என் தாடி. "ரெண்டு நாளா பட்டினி சாமி." மடாதிபதி அனுப்பிய தேன்கஞ்சி தொடாமல் இருந்தது, கொடுத்தேன். வழித்துக் குடித்தான். சிரித்தான். சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளி விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை.

நான் பிரபுவை அல்லவா பார்த்துப் பயந்தேன்! பட்டுக்காரர் ஞாயிறு வரைகூடப் பொறுக்கவில்லை.

என் அங்கியை அவனுக்குப் போட்டேன், அவன் கந்தலை நான் போட்டுக்கொண்டேன். படகுத்துறையில் காவலாள், "ஆசீர்வாதம் வாங்கிட்டியா? கெளம்பு" என்று தோளில் தட்டி அனுப்பினான்.

அக்டோபர் 3

சந்தையில் பேச்சு. திட்டில் பெரிய அடிதடியாம். முடிவில் உடம்பு பிரபுவுக்கு, தலை மடத்துக்கு. இருவருக்கும் திருப்தி.

மறுவருடம், செப்டம்பர் 24

என் திருநாள். வேறு ஊரில் கடிதம் எழுதிப் பிழைக்கும் கிழவனை யாருக்குத் தெரியும்? பிரபுவின் கோயில் வரிசையில் நின்றேன். ஒரு நொண்டி நடந்தானாம். ஒரு ஊமை பேசினாளாம். எல்லாம் புனித சலோனியுஸ் செயல்.

"சீக்கிரம் கும்பிடுய்யா பெரியவரே, பின்னால ஆள் நிக்குது."

முழங்காலிட்டுக் கல்பெட்டியில் நெற்றியை வைத்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? பசிக்கிறது என்று வந்தவனிடம் அன்று பெயரைக்கூடக் கேட்கவில்லை. அழுகை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், "சலோனியுஸ், மன்னிச்சுக்கப்பா" என்றேன்.