வண்டியைப் பார்த்துப் பேசவும்

மார்ச் 3, செவ்வாய்

கொக்கிக்காரர் இன்றோடு வேலையை விட்டுவிட்டார். மாமனாரின் டயர் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம். "இத்தனை நாள் நின்னும் உங்களை ஒரு தடவைகூட இழுக்க வாய்ப்பு கிடைக்கலையேம்மா" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

மின்சார வண்டியோ ஹைபிரிட்டோ, பெரிய பேட்டரியில் கை வைக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது எங்கள் சர்வீஸ் சென்டரின் விதி. அந்த ஆளின் கையில் துறட்டி போல நீளமாக, மின்சாரம் பாயாத கொக்கி ஒன்று இருக்கும். எனக்கு ஷாக் அடித்தால் என்னைத் தொடாமல் இடுப்பில் கொக்கியை மாட்டி இழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் வேலை. ஆனால் அந்த ஆள் இல்லாமல் நான் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. வேறு ஆள் கிடைக்காவிட்டால் பேட்டரிப் பிரிவை மூடிவிட்டு என்னை வைப்பர் மாற்றும் வேலைக்குப் போட்டுவிடுவார்களாம். வைப்பர்! இதற்கா ராப்பகலாகப் படித்தேன்?

மார்ச் 4, புதன்

ஆள் கிடைத்துவிட்டது. பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர் இங்கேயே இன்னொருத்தர் இருக்கிறார் என்றார் மேனேஜர். ரிசப்ஷனில் உட்காரும் பெண்.

என் நாத்தனார்.

மார்ச் 5, வியாழன்

"சார், நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல" என்று மேனேஜரிடம் உடைத்தே சொல்லிவிட்டேன். "பேச வேண்டாம்மா. இழுத்தா போதும்" என்கிறார்.

அவரிடம் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே எழுதலாம். நாத்தனாரிடம் இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுத்தேன். குக்கர் என்னுதுதான், மூடி என்னுது இல்லை என்றாள். மூடிப் பார், மூடுகிறதா இல்லையா என்றேன். மூடியது. "மூடுறதெல்லாம் என் மூடி ஆயிடுமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு எந்த நியாயஸ்தன் பதில் சொல்வான்? அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் என் கணவர், மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்.

என் உயிர் இப்போது அவள் கையில். அவள் இழுப்பாளா? இழுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பாளா? எவ்வளவு நேரம்?

மார்ச் 6, வெள்ளி

பேச வேண்டாம் என்று மேனேஜர் சொன்னது பொய். நான் செய்யும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கொக்கி பிடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விதி.

நான் வண்டியின் பானெட்டைப் பார்த்து, "மெயின் பிளக்கைக் கழட்டியாச்சு" என்றேன். அவளும் பானெட்டைப் பார்த்து, "கழட்டியாச்சாம். காது இருந்தா கேட்டுக்கோ, வண்டி" என்றாள்.

"மிச்ச மின்சாரம் இறங்க பத்து நிமிஷம் காத்திருக்கணும். இது தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். இல்லையா வண்டி?"

"வண்டிக்கு எல்லாம் தெரியும். எதை வாங்கினோம், எதைத் திருப்பிக் கொடுத்தோம்னு சில பேருக்குத்தான் தெரியாது."

மகளுக்குச் சொல்வதுபோல மருமகளுக்குச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காருக்குச் சொல்வதை இன்றுதான் பார்த்தேன். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

மார்ச் 12, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவங்க யார்கிட்ட பேசறாங்க?" என்றார். மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. "இது எங்க முறை சார். ஆள் முகத்தைப் பார்த்தா கவனம் சிதறிடும். அதனால வண்டியைப் பார்த்தே பேசச் சொல்லியிருக்கேன்" என்று அளந்துவிட்டார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். நிமிரும்போது, பாதுகாப்பில் இவ்வளவு அக்கறையா என்று அவர் கண் கலங்கியிருந்தது.

மார்ச் 20, வெள்ளி

எல்லாக் கிளைகளுக்கும் உத்தரவு போய்விட்டது. எங்கள் சுவரில் பலகையே மாட்டியாகிவிட்டது: "வேலை நேரத்தில் வண்டியைப் பார்த்துப் பேசவும்." மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க எங்களை வைத்துப் படம் வேறு எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் மூஞ்சியைத் திருப்பிக்கோங்க. ஆங், அப்படித்தான். இயல்பா இருக்கு" என்றார் கேமராக்காரர். அதற்கென்ன, நாங்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள்.

மார்ச் 24, செவ்வாய்

ஹைபிரிட் வைத்திருக்கும் கணக்கு வாத்தியார் வந்து சத்தம் போட்டார். போன சர்வீஸில் அவர் வண்டியிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம், அதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு மட்டும் பேசினோமாம். "என் வண்டி என்ன இளப்பமா?" என்கிறார்.

மார்ச் 25, புதன்

கணவர் கேட்டார்: "இன்னைக்கு என் தங்கச்சி உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?" வண்டியிடம் சொன்னாள் என்றேன். "சரி, வண்டி என்ன சொல்லுச்சு?"

மார்ச் 31, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

கணக்கு வாத்தியாரின் வண்டி. அவர் வாட்ச்சைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அவசரத்தில் ரப்பர் கையுறையைச் சோதிக்காமல் மாட்டிவிட்டேன். தினமும் காலையில் அதற்குள் காற்றை அடைத்து, எங்கேயாவது கசிகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். இன்றைக்குப் பார்க்கல. பிளக்கைக் கழட்டிப் பத்து நிமிஷம் காத்திருந்தாச்சு. இனிமேல் என்ன இருக்கப் போவுதுன்னு மீட்டரோட கம்பியை நீட்டினேன் —

"அண்ணி! கையை எடுங்க!"

அவள் சொல்லி முடிக்கும் முன்பே கொக்கி இடுப்பில் மாட்டி, நான் பின்னால் பறந்துகொண்டிருந்தேன். பழைய கூலன்ட் தண்ணீர் நிறைந்த தட்டில் போய் உட்கார்ந்தேன். பைத்தியமா உனக்கு என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் என் கையுறையை உருவி, காற்றை அடைத்து, என் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். கட்டைவிரல் பக்கம் அவள் கண்ணில் பட்டிருந்த கிழிசலிலிருந்து காற்று ஜில்லென்று அடித்தது.

வேறு கையுறை போட்டு அளந்தோம். பூஜ்யம் காட்ட வேண்டிய மீட்டர் இருநூற்றுச் சொச்சம் வோல்ட் காட்டியது. மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட வேண்டிய ரிலே சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. அதை நினைத்துத்தான் அழுகிறேன், ஷாக்கை நினைத்து இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

தலைமை அலுவலகத்தில் கண்காணிப்பு கேமராவில் பார்த்துவிட்டார்களாம். விதிமீறல். நான் கையுறை சோதிக்காததற்கு எனக்கு எச்சரிக்கை, அது நியாயம். ஆனால் வேலை நேரத்தில் ஆளைப் பார்த்துப் பேசியதற்காக நாத்தனாரைக் கொக்கி வேலையிலிருந்து எடுக்கப் போகிறார்களாம்! என்னைக் காப்பாத்தினதுக்குத் தண்டனையா? இவங்க மூளையை எந்தப் பேட்டரியில சொருகியிருக்காங்க?

ஏப்ரல் 7, செவ்வாய்

விசாரணை. அதிகாரி நேரில் வந்துவிட்டார். "விதிப்படி வண்டிகிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றார். "செஞ்சு காட்டறோம் சார்" என்றேன். இப்படி அவள் சார்பில் நான் வாயைத் திறந்து எவ்வளவு நாளாயிற்று!

பேட்டரி இல்லாத வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் கம்பியை நீட்டினேன். அவள் பானெட்டின் பக்கம் குனிந்தாள். "வண்டியே, உன் பக்கத்துல நிக்கிற பெரிய மனுஷி கையுறையில கிழிசல் இருக்காம். நான் சொன்னேன்னு சொல்லாத. ஆனா பக்குவமா எடுத்துச் சொல்லு..." அவள் முடிப்பதற்குள் நான் மூன்று முறை ஷாக் அடித்துச் செத்து விழுந்து காட்டி, எழுந்து கையையும் துடைத்துவிட்டேன்.

அதிகாரி தன் நோட்டைத் திறந்தார். பிறகு கேட்டார். "அன்னைக்கு என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"அண்ணின்னு."

"சின்ன வார்த்தை. சத்தமா வருது. கேட்ட உடனே ஆள் நிக்கறாங்க." எழுதிக்கொண்டார். போன தடவை இவர் எழுதிக்கொண்டதுதான் சுவரில் பலகையாகத் தொங்குகிறது.

ஏப்ரல் 15, புதன்

நாத்தனாருக்குக் கொக்கி நிலைத்தது. புது உத்தரவும் வந்துவிட்டது. இனி எல்லாக் கிளைகளிலும் ஆபத்து என்றால் "அண்ணி!" என்று கத்த வேண்டும். கூப்பிடப்படுபவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்பதெல்லாம் கணக்கில்லை. கேட்டவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். ஒத்திகை வீடியோவும் வந்தது. முறுக்கு மீசை வைத்த ஒருவர் இன்னொரு மீசைக்காரரைப் பார்த்து அடித்தொண்டையில் "அண்ணீ!" என்று அலறுகிறார். அவரும் பயபக்தியோடு கையைத் தூக்குகிறார்.

ஆபத்தில்லாத நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதாம். அதனால் உள்ளே அவள் பழையபடி வண்டியிடமே பேசுகிறாள். "வண்டி, மழை வர்ற மாதிரி இருக்கு. குடை இல்லாதவங்க என்கூட வரலாம்."

ஏப்ரல் 17, வெள்ளி

வேலை முடிந்து வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து, "அண்ணி!"

பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி நின்றேன்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள். பஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். கையை எப்போது இறக்கினேன் என்று நினைவில்லை.