எட்டாத பிரேக் ஹோஸ்

செவ்வாய், 12ஆம் தேதி, மாலை.

அக்கா, ஒரு தப்பு செய்துவிட்டேன். பிக்கப் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டியபோது, சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகும் பழைய குட்டை ஹோஸையே விட்டுவிட்டேன். வகுப்புக்குக் கிளம்பும்போது சந்தேகம் வந்து, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் பிய்ந்துவிடும். அப்புறம் பிரேக் பிடிக்காது. நீயோ ராத்திரி அத்தானை அழைத்துவர மேட்டு ரோட்டில் இறங்கப் போகிறாய்.

காலையில், "இதுல ஏற ஏணி வாங்கித் தருவியாடா? எல்லாத்தையும் சரியா பாத்தியா?" என்று கேட்டாய். "பாத்தாச்சு, உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். நான் பார்க்கவில்லை, அக்கா.

சாவியை எடுத்துப் போகிறேன். நீ திட்டினாலும் சரி. அத்தானைப் பஸ்ஸில் வரச் சொல். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

பி.கு.: மாற்றுச் சாவியைத் தேடாதே. உன்னை எனக்குத் தெரியும், அதுவும் என் பையில்தான்.

நாளை: நீளமான ஹோஸ் வாங்கி மாட்டி, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். பிறகு நான் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்க, ஹோஸ் இழுபடாமல் எட்டுகிறதா என்று நீ குனிந்து பார்க்க வேண்டும்.